சின்ன வண்டி, பெரிய பேரு

“இம்புட்டுத்தானா?”

வாசலில் வந்து நின்ற காரைப் பார்த்ததும் திலகவதி சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

அவள் புருஷன் உதயசூரியன் காது கேட்காதவன் மாதிரி நின்றான். பதினான்கு வருடம் கத்தாரில் கிடங்குக் கணக்கு பார்த்துவிட்டுப் போன மாதம்தான் ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்திருந்தான். வந்த சூட்டிலேயே, பெண்டாட்டியிடம் ஒரு பேச்சுக் கேட்காமல், திருச்சியில் ஒரு கார் ஷோரூமுக்குப் போன் போட்டுவிட்டான். அது தெரிந்த நாளிலிருந்து கீரமங்கலத்து வீட்டில் சோறு, குழம்பு, மோட்டார் ஸ்விட்ச் தவிர வேறு பேச்சில்லை. கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்த மகள் அப்பாவிடம் தனியாகவும் அம்மாவிடம் தனியாகவும் பேசிக்கொண்டிருந்தாள்.

இன்றைக்கு ஓட்டிப் பார்க்கச் சொல்லி வண்டியையே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கூடவே ஜெபக்குமார் என்ற விற்பனைக்காரர். நாற்பதைத் தாண்டியவர். ஆனி மாத வெயிலில் கழுத்தை இறுக்கி டை கட்டியிருந்தார்.

“காம்பேக்ட் லக்ஸுரி எஸ்யூவி மேடம்.”

“அப்படின்னா?”

“அடக்கமான சைஸ். ஆனா முழு சொகுசு.”

“வெலையும் அடக்கமா இருக்குமா?”

ஜெபக்குமார் உதயசூரியனைப் பார்த்தார். உதயசூரியன் காரின் கண்ணாடியில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

“ரோட்டுக்கு வர்றப்ப அம்பதுக்கு மேல வரும்,” என்றான் கண்ணாடியிடம்.

திலகவதி கொட்டகைக்கு அடியில் நின்ற தன் பழைய பிக்-அப்பைத் திரும்பிப் பார்த்தாள். பூ கமிஷன் கடையை அவள் தனியாக நடத்த ஆரம்பித்ததிலிருந்து அதுதான் ஓடுகிறது. விடியற்காலையில் மல்லிகையும் முல்லையும் ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்கும் தஞ்சாவூருக்கும் அவளே ஓட்டிப் போயிருக்கிறாள். ஒரு காருக்கு ஐம்பது லட்சம் என்று யாராவது சொன்னால் அதுவே சிரித்துவிடும்.

“டிக்கியத் தொறங்க,” என்றாள்.

ஜெபக்குமார் காலை வண்டிக்கு அடியில் ஆட்டினார். கதவு தானாக மேலே போனது. உதயசூரியன் முகத்தில் பெருமை வழிந்தது.

“கையிருக்கிறப்ப காலை எதுக்கு ஆட்டணும்?” என்றபடி அவள் தரைத்தட்டைத் தூக்கிப் பார்த்தாள். “ஸ்டெப்னி எங்க?”

“அதான் மேடம் அது.”

“இதா? சைக்கிள் சக்கரம் மாதிரி இருக்கு.”

“தற்காலிகத்துக்குத்தான். பஞ்சர் கடை வரைக்கும் மெதுவாப் போயிறலாம்.”

“இந்த டயருக்கு நம்ம பக்கத்துப் பஞ்சர் கடையில என்ன செய்வாங்க? வேடிக்கை பாப்பாங்க.”

உள்ளே எட்டிப் பார்த்தாள். சீட்டெல்லாம் பால் வெள்ளை. கீரமங்கலத்துச் செம்மண் ஒட்டிய தன் செருப்பைப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே தட்டாமல் ஏறி உட்கார்ந்தாள்.

உதயசூரியன் ஓட்டினான். பக்கத்தில் ஜெபக்குமார். பின் சீட்டில் அவள்.

“எங்க போறோம்?”

“ஆவுடையார்கோவில். சாமி கும்பிட்டுட்டு, அப்படியே அக்கா வீட்டுலயும் தலைய காட்டிட்டு...”

“சாமிக்குக் காட்டவா, ஒங்க மச்சானுக்குக் காட்டவா?”

ஜெபக்குமார் அவசரமாக ஒரு பொத்தானைத் தொட்டார். தலைக்கு மேலிருந்த கூரை சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது. வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கியது.

“சன்ரூஃப் மேடம்.”

“வெயிலுக்கு ஒதுங்கத்தான் கூரை. அதையும் காசு குடுத்துத் தொறந்து விடணுமா? மூடுங்க சார்.”

கூரை மூடிக்கொண்டது. உதயசூரியன் குளிரைக் கூட்டுவதற்காக நடுவிலிருந்த பெரிய திரையைத் தேடித் தேடித் தொட்டான். வண்டி மெல்ல நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம் போனது.

“இங்கிட்டு லெஃப்ட்டுங்க. இது கத்தார் இல்ல. ஏசியக் கூட்ட டிவியை நோண்டிக்கிட்டிருந்தா ரோட்டை யாரு பாக்கிறது?”

“பழகிருச்சுன்னா சரியாப் போயிரும் திலகா.”

“வாஸ்தவந்தான். எல்லாம் பழகிருது.”

அவள் வாய் இப்படி வெட்டிக்கொண்டு வந்தாலும் உடம்பு வேறு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. எதிரே வந்த லாரியின் ஹாரன் பக்கத்து ஊர்க் கல்யாண மேளம் மாதிரி எங்கேயோ கேட்டது. சீட்டு இடுப்பைத் தாங்கிப் பிடித்தது. அறந்தாங்கிக்குள் நுழையும் இடத்தில் ஒரு மாடு குறுக்கே திரும்பியபோது, உதயசூரியன் காலை வைக்கும் முன்பே வண்டி தானாகப் பிரேக் பிடித்து நின்றது. மாடு நிதானமாக ஒருமுறை பார்த்துவிட்டுக் கடந்து போனது. முன் சீட்டைப் பிடித்த பிடியைத் திலகவதி விட்டாள். ஆனாலும் நல்ல வார்த்தை ஒன்று சொல்ல அவளுக்கு மனமில்லை.

“மாட்டுக்கு இருக்கிற நிதானம்,” என்று மட்டும் சொன்னாள்.

அறந்தாங்கி தாண்டி ஒரு கிளைச் சாலையில் திரும்பினார்கள். உதயசூரியனின் அக்கா புருஷன் பழனிச்சாமி கான்ட்ராக்ட் எடுத்துப் போட்ட சாலை அது. போட்டு இரண்டு மழைக்காலம்கூட முழுசாக ஆகவில்லை. தார் உரிந்து ஜல்லி பல்லைக் காட்டியது. பிக்-அப்பில் இந்த வழியாக வந்தால் வீடு போய்ச் சேர்ந்தபிறகும் அவளுக்கு முதுகெலும்பு ஆடிக்கொண்டிருக்கும். இந்த வண்டி தொம் தொம் என்று முனகியது. உள்ளே யாரும் குலுங்கவில்லை.

சாமி கும்பிட்டது கால் மணி நேரம்கூட இருக்காது. உதயசூரியனின் மனம் முழுக்க அக்கா வீட்டு வாசலில் இருந்தது.

அந்த வீட்டை வீடு என்று சொல்வதைவிட அரசாங்க ஆபீஸ் என்று சொல்லலாம். முன்னால் நாலு தூண். போர்ட்டிகோவில் ஏழு பேர் போகிற பெரிய வெள்ளைக் கார். அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் பழனிச்சாமி. இவர்கள் இறங்கியதும் எழுந்திருக்கவில்லை.

“வா மாப்ள. யாரு வண்டி?”

“நம்ம வண்டிதான் மச்சான். அதாவது, வாங்கலாம்னு...”

“ஓ.”

அந்த ‘ஓ’வில் உதயசூரியன் பாதியாகிப் போனான்.

உள்ளேயிருந்து அமுதவல்லி ஓடி வந்தாள். தம்பியின் கையைப் பிடித்தாள். “வா தம்பி, வா திலகா, சொல்லியிருந்தா...” என்று ஆரம்பித்தாள்.

“காப்பியக் கொண்டா முதல்ல,” என்றார் பழனிச்சாமி.

காப்பி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் தூக்கிப் பிடித்தார். “இது காப்பியா, பானகமா? இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு மாப்ள. இவளுக்கு இன்னும் கை கணக்கு வரல.” சொல்லிவிட்டு அதையே கடைசிச் சொட்டு வரை குடித்தார். அமுதவல்லி காலி டம்ளரை வாங்கிக்கொண்டு கதவோரம் போய் நின்றாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

பழனிச்சாமி எழுந்து வண்டியைச் சுற்றி வந்தார். செருப்புக் காலால் டயரை ஒரு தட்டுத் தட்டினார்.

“இதுல பெருசு இல்லையா?”

“இருக்கு சார்,” என்றார் ஜெபக்குமார். “அது வெலை இதைவிட...”

“அதான பாத்தேன். பேரு வேணும், காசு பத்தல. அந்த மாதிரி ஆளுகளுக்குன்னே ஒரு சைஸ் செஞ்சு வச்சிருக்கான் வெள்ளைக்காரன்.” பின் கதவைத் திறந்து உட்கார்ந்து பார்த்தார். “முட்டி மூஞ்சியில இடிக்குது! இதுவா சொகுசு? மாப்ள, இந்தக் காசுக்கு என் வண்டி மாதிரி ரெண்டு வாங்கி, ஒண்ணை வாடகைக்கு விட்டிருக்கலாம். ஸ்டெப்னி எங்கய்யா இதுக்கு?”

ஜெபக்குமார் சொன்னார்.

“சைக்கிள் சக்கரமா!” பழனிச்சாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். “பதினாலு வருஷம் பாலைவனத்துல காஞ்சவனுக்குப் புத்தியும் காஞ்சு போச்சு போ.”

உதயசூரியன் சிரித்தான். “ஆமா மச்சான்... சும்மா பாக்கலாம்னுதான்... இன்னும் முடிவு பண்ணல.”

அந்தச் சிரிப்பைத் திலகவதி பார்த்தாள். காலையில் அவள் டிக்கியைத் திறந்து பேசியபோதும் அவன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும். அப்போது அவள் ஸ்டெப்னியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த மனிதர் சொன்ன எல்லாமே அவள் சொன்னதுதான். சைக்கிள் சக்கரம்கூட. அதே வார்த்தை இந்த வாயிலிருந்து வந்தபோது அவளுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை.

“அண்ணே,” என்றாள்.

பழனிச்சாமி திரும்பினார்.

“முட்டி இடிக்கிறதுன்னா முன் சீட்டைத் தள்ளிக்கிடலாம். நாங்க ரெண்டு பேரு, லீவுக்கு வந்தா மக ஒருத்தி. எங்களுக்கு ஏழு சீட்டு எதுக்கு? ஊரை ஏத்திக்கிட்டா போகப் போறோம்?”

“அதுக்கில்லம்மா...”

“இருங்க, சொல்லிடுறேன். அறந்தாங்கியில ஒரு மாடு குறுக்க வந்துச்சு. இவுக காலை வைக்கிறதுக்குள்ள வண்டியே நின்னுருச்சு. என் பிக்-அப்பா இருந்தா இந்நேரம் மாட்டுக்காரன்கிட்ட நாயம் பேசிக்கிட்டிருப்போம்.”

“அதெல்லாம் எல்லா வண்டியிலயும் வந்துருச்சு.”

“வந்திருக்கும். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் இன்னொண்ணு.” அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “நீங்க போட்ட ரோட்டு வழியாத்தான் வந்தோம். ஒரு குழி பாக்கியில்லாம எறங்கி ஏறி வந்தோம். எனக்கு முதுகு நோகலண்ணே. நீங்க போட்ட ரோட்டுலயே முதுகு நோகாம கூட்டிட்டு வருதுன்னா, அது சொகுசு வண்டிதான். அம்பது லட்சம் குடுக்கலாம்.”

ஜெபக்குமார் தன் டையை மிகுந்த கவனத்தோடு சரிசெய்துகொண்டார்.

அந்த அமைதியில் கதவோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. சின்னச் சத்தம். அமுதவல்லி சிரித்துவிட்டாள். கையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு விரல் இடுக்கு வழியாக வெளியே வந்தது.

பழனிச்சாமியின் முகம் கறுத்தது. திலகவதியிடம் காட்ட முடியாததை அவர் காட்ட வேண்டிய இடத்தில் காட்டினார்.

“என்னடி இளிப்பு? திங்கிறது என் சோறு. இளிக்கிறது என்னையப் பாத்தா? ஒன் மூஞ்சிக்குச் சிரிப்பு ஒண்ணுதான் கேடு. உள்ள போ.”

அமுதவல்லி உள்ளே போனாள்.

உதயசூரியன் தரையைப் பார்த்தபடி, “அப்ப நாங்க கெளம்புறோம் மச்சான்,” என்றான். சாப்பிட்டுப் போகச் சொல்லி யாரும் தடுக்கவில்லை. அவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தப் போன நேரம், அமுதவல்லி வெளியே வந்தாள். சேலை மாற்றியிருந்தாள். கையில் ஒரு துணிப்பை.

“நானும் வாரேன் தம்பி.”

“எங்க?” என்றார் பழனிச்சாமி.

“கீரமங்கலம்.”

“எதுக்கு?”

“சும்மா.”

பழனிச்சாமி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். “போ போ. ரெண்டு நாள் பூ கட்டிட்டு, கை நொந்ததும் பஸ் ஏறி வந்து நிப்ப. மத்தியானச் சோறு?”

“ஆக்கி வச்சிருக்கேன். ராத்திரிக்கு இல்ல.”

சொல்லிவிட்டுத் திலகவதி பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. அமுதவல்லி வெள்ளைச் சீட்டை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள்.

அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி உதயசூரியன் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான். “அப்ப வாங்கிறலாமா திலகா? நீயே இம்புட்டுப் பேசினியே.”

“வேணாம்.”

“அங்க என்ன சொன்ன?”

“அங்க சொன்னது அந்த மனுசனுக்கு. ஒங்களுக்குச் சொல்றது வேற.” காலையிலிருந்த வெட்டு இப்போது குரலில் இல்லை. ஒவ்வொன்றாக யோசித்துச் சொன்னாள். “வண்டி நல்ல வண்டி. ஓட்டமும் பிரேக்கும் பொய் இல்ல. ஆனா ஒரு ஸ்க்ரூ கழண்டாலும் திருச்சிக்குத்தான் போகணும். கடைக்கு ஒரு மூட்டை பூ ஏத்த முடியாது. மாசத்துல இருபத்தஞ்சு நாள் போர்வை போத்தி வாசல்ல நிக்கும். மிச்ச நாள் யாரு வீட்டுக்குப் போறதுன்னு நாம தேடிக்கிட்டிருப்போம். அதுக்கா பதினாலு வருஷம் அங்க கெடந்தீங்க?”

ஜெபக்குமார் ஜன்னல் வழியே வயலைப் பார்த்தார்.

“அவன் யாருக்காக இதை வாங்க நெனைக்கிறான்னு நீ கேட்டியா திலகா?” என்றாள் அமுதவல்லி.

“ஒங்க வீட்டுக்காரர்கிட்ட காட்டத்தான் மதினி. அதுல கேக்க என்ன இருக்கு?”

“அக்கா, விடு,” என்றான் உதயசூரியன் முன்னாலிருந்து.

அமுதவல்லி விடவில்லை. “எங்க வீடு குடி போனப்ப மாலையெல்லாம் நீதான் கொண்டாந்த. முன் வாசல்ல வண்டிய நிறுத்தப் போன. அத்தனை பேரு நிக்கிறப்ப இவரு, ‘பூ வண்டியப் பின்னாடி விடு, சமையக்காரன் வண்டி நிக்கிற எடத்துல’ன்னாரு. நீயும் பேசாம கொண்டு போயி விட்டுட்டு வந்த.”

“அதையெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன்.”

“நான் போன்ல அவன்கிட்டச் சொன்னேன். அவன் ஒண்ணுமே பேசல. கட் பண்ணிட்டானோன்னு நெனச்சேன். அப்பறமா, ‘என் பொண்டாட்டி முன் வாசல்ல வந்து எறங்குற மாதிரி ஒரு வண்டி வாங்குறேங்க்கா’ன்னான்.”

திலகவதி கணவனின் பிடரியைப் பார்த்தாள். முடி நரைத்திருந்தது. அவன் ஊர் வந்ததிலிருந்து அவள் அதைக் கவனித்திருக்கவில்லை.

முட்டாள்தனம்தான். அப்போதும் அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. அந்த வாசலில் இறங்குவதற்கு யார் ஆசைப்பட்டது? ஆனால் அதை இளக்காரமாகச் சொல்ல வாயெடுத்தபோது, வார்த்தை வரவில்லை.

அந்த நேரத்தில் வண்டி முழுக்க மணி அடித்தது. ஜெபக்குமார் பாட்டுப் போட்டுக் காட்டுவதற்காக உதயசூரியனின் போனை வண்டியோடு இணைத்திருந்தார். நடுத் திரையில் பெரிய எழுத்தில் ‘பழனிச்சாமி மச்சான்’ என்று வந்தது.

கத்தாரில் இருந்தபோதுகூட அந்தப் பேர் வந்தால் உதயசூரியன் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுதான் பேசுவான். இப்போது நிற்க வழியில்லை. திரையைத் தொட்டான்.

“மாப்ள!” எட்டுப் பக்கத்திலிருந்தும் பழனிச்சாமி பேசினார். “வண்டிய ஓரங்கட்டு. அவள அங்கேயே எறக்கி விடு. பஸ்ஸு வரும், ஏறி வரட்டும்.”

அமுதவல்லியின் கை துணிப்பையை இறுக்கியது.

“அக்கா எங்க வீட்டுக்கு வருது மச்சான்,” என்றான் உதயசூரியன். குரல் சரியாக எழும்பவில்லை.

“எவனக் கேட்டுக் கூட்டிட்டுப் போற?”

வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியது.

“அக்காவக் கேட்டுத்தான்.”

சொல்லிவிட்டுத் திரையைத் தொட்டான். சத்தம் நின்றது. குளிர் இவ்வளவு இருந்தும் அவன் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியிருந்தது.

சற்று நேரம் கழித்து அமுதவல்லி திலகவதியின் காதோரம் சாய்ந்தாள்.

“ரெண்டு நாளுன்னு அவரு நெனச்சுக்கிட்டிருக்காரு. தம்பியும் அப்படித்தான் நெனைக்கிறான். நான் திரும்பிப் போறதா இல்ல திலகா. ஓட்டுறப்ப அவன்கிட்டச் சொல்லாத. வீட்டுக்குப் போனதும் நீ சொல்லு. எனக்குச் சொல்ல வராது.”

“என்ன, பின்னாடி ரகசியம்?” என்றான் உதயசூரியன். குரலில் லேசாக ஒரு தெம்பு வந்திருந்தது.

“ஒண்ணுமில்லங்க,” என்றாள் திலகவதி. “நீங்க நல்லாத்தான் ஓட்டுறீங்க. ரோட்டைப் பாருங்க.”

எந்த மனிதரிடமும் எந்த வார்த்தையையும் எடுத்து வீசிவிடத் தெரிந்தவள் அவள். புருஷனிடம் மட்டும் எப்படி மெதுவாக ஒரு விஷயத்தைச் சொல்வது என்று யோசித்துப் பார்த்தாள். கீரமங்கலம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதல் வார்த்தைகூட இன்னும் கிடைக்கவில்லை.